முடி கண்ணுக்குத் தெரியும், அதில் ஏமாற்ற முடியாது. சரியா?

4 ஜனவரி, காலை (கேள்வி கேட்டவர்: 'அரைக்கிராப்பு' என்ற புனைபெயர்)

சமையல் போட்டியில் நடுவர் "உப்பு கம்மி" என்றால் நாம் நம்பித்தான் ஆக வேண்டும், நாக்கு அவருடையது. பாட்டுப் போட்டியில் நாம் கேட்பது பாடிய குரலா, பிறகு பட்டி பார்த்த குரலா என்று எனக்கு எப்போதும் சந்தேகம். ஆனால் முடிவெட்டும் போட்டி? வெட்டினது கண் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. பழைய அமெரிக்க நிகழ்ச்சி 'ஷியர் ஜீனியஸ்' மூன்று சீசனையும் இந்த லீவில் பார்த்து முடித்தேன். ரியாலிட்டி ஷோக்களிலேயே பார்க்கிறவனை ஏமாற்ற முடியாத ஒரே வகை இதுதான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

4 ஜனவரி, இரவு (பதில்: நான், இனி வரும் எல்லாக் குறிப்பும்)

மறுக்கிறேன். நாளை எழுதுகிறேன். இன்று ஒன்பது மணி நேரம் நின்றே வேலை, கால் கெஞ்சுகிறது.

5 ஜனவரி

வெட்டு வேறு, அலங்காரம் வேறு. டிவியில் நீங்கள் பார்ப்பது அலங்காரம்.

சலூனில் ஒரு வெட்டு முடிந்ததும் டிரையர் போட்டு, வட்டச் சீப்பால் இழுத்து, அயர்ன் போட்டு, கொஞ்சம் ஸ்பிரே அடித்தால் சுமாரான வெட்டுகூட பத்திரிகை அட்டை மாதிரி நிற்கும். அயர்ன் போட்ட முடியில் ஒழுங்கில்லாத வெட்டின் படிக்கட்டு மறைந்துவிடும். இடது பக்கம் அரை விரல் நீளமாக இருந்தால் தலையை லேசாகச் சாய்த்து நிற்கச் சொன்னால் போதும். நடுவர்கள் கிட்டே போய் விரலால் கோதிப் பார்க்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும். உங்களுக்கும் எனக்கும் கேமரா எதைக் காட்டுகிறதோ அதுதான்.

வெட்டு நல்லதா என்று தெரிய வேண்டுமானால் அந்தப் பெண் வீட்டுக்குப் போய், தன் கையால் தலைக்கு ஊற்றி, துண்டால் துவட்டி, ஒன்றும் செய்யாமல் காயவிட வேண்டும். அப்போது முடி தன் இடத்தில் போய் விழுந்தால் நல்ல வெட்டு. சுருட்டை முடியாக இருந்தால் ஈரத்தில் தோளைத் தொட்டது காய்ந்ததும் காதுக்கு ஏறிவிடும். அதைக் கணக்குப் போட்டு வெட்டினாரா என்பது அன்றைக்குத் தெரியாது. மாதத்துக்கு அரை அங்குலம் வளர்கிறது என்று வைத்துக்கொண்டால் ஆறு வாரத்தில் முக்கால் அங்குலம். அந்த முக்கால் அங்குலத்தில்தான் வெட்டியவரின் வண்டவாளம் தண்டவாளம் ஏறும்.

சமையலையாவது நடுவர் அன்றைக்கே தின்று முடித்துவிடுகிறார். முடி ஆறு வாரம் கழித்துத்தான் ருசி காட்டும். அதுவரை எந்த டிவியும் காத்திருக்காது.

5 ஜனவரி, கொஞ்சம் கழித்து

மேலே எழுதியதில் ஒரு விதிவிலக்கு. ஒரே நீளத்தில், கோடு போட்டது மாதிரி வெட்டும் பாப். அதில் ஒளிய இடமே இல்லை. அடுக்கடுக்கான லேயர் வெட்டில் பத்துத் தப்புப் பண்ணலாம், பாப்பில் ஒன்று பண்ணினாலும் வீட்டு வாசலில் வரைந்த கோலத்தில் கோணல் கோடு மாதிரி தெரியும். அதற்கு மட்டும் உங்கள் கட்சியில் சேர்கிறேன்.

6 ஜனவரி

"நீங்கள் யார், இவ்வளவு தெரிந்தமாதிரி பேச" என்று ஒருவர். நியாயமான கேள்வி.

நியூஜெர்சியில் ஒரு சலூனில் வேலை. இங்கே காஸ்மெட்டாலஜி, அதாவது முடி, அழகுக்கலைத் தொழில், லைசென்ஸ் வாங்க 1,200 மணி நேரம் பள்ளியில் உட்கார்ந்தாக வேண்டும். பொம்மைத் தலையில்தான் தொடக்கம். என் முதல் பொம்மைத் தலைக்கு பூங்கோதை என்று பெயர் வைத்திருந்தேன். மூன்றாவது வாரம் பூங்கோதைக்கு போலீஸ் கட்டிங் ஆகிவிட்டது. பொம்மைக்கு முடி வளராது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

சேரும்போது எனக்கு முப்பத்து நாலு வயது. அதற்கு முன் பி.காம். படித்து ஒரு ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஏன் மாறினேன் என்பது பெரிய கதை, இங்கே வேண்டாம்.

9 ஜனவரி

நிகழ்ச்சியைப் பார்க்காதவர்களுக்கு. பிராவோ சேனல், 2007 ஏப்ரலில் தொடங்கியது. அதே சேனலில் தையல்காரர்களுக்கு 'பிராஜெக்ட் ரன்வே', சமையல்காரர்களுக்கு 'டாப் செஃப்' ஓடிக்கொண்டிருந்த காலம். அடுத்தது யார் என்று தேடியிருப்பார்கள், எங்கள் ஆட்கள் கிடைத்தார்கள். முதல் சீசனில் பன்னிரண்டு பேர். வாரத்துக்கு இரண்டு சோதனை, முதலில் ஒரு குட்டிச் சோதனை, அப்புறம் வெளியேற்றும் சோதனை. ஜெயித்தால் 1,00,000 டாலர், 'அல்யூர்' அழகுக்கலைப் பத்திரிகைக்கு ஒரு படப்பிடிப்பில் முடி அலங்காரம் செய்யும் வாய்ப்பு. தொகுப்பாளர் ஜாக்லின் ஸ்மித். 'சார்லீஸ் ஏஞ்சல்ஸ்' தொடரில் நடித்தவர், அவர் முடியைப் பார்த்தே ஒரு தலைமுறை சலூனுக்குப் போயிருக்கிறது. நடுவரில் சாலி ஹெர்ஷ்பெர்கர். மெக் ரையனுக்கு அந்தக் கலைந்த மாதிரியான 'ஷேக்' (shag) வெட்டு வெட்டியவர். ஒரு வெட்டுக்கு 600 டாலர் வாங்குகிறவர் என்றே பத்திரிகைகளில் பேர் வாங்கினார்.

அறுநூறு டாலர் என்றதும் என் கணவர் கேட்டது: "முடியை வெட்டுறதுக்கா, திருப்பி ஒட்டுறதுக்கா?"

வெளியே அனுப்பும்போது இதுதான் உங்கள் கடைசி வெட்டு என்கிற பொருளில் ஒரு வசனம் வரும். தமிழில் டப் பண்ணினால் "உங்க கட்டிங் முடிஞ்சுது" என்று போடலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். வேண்டாம், டாஸ்மாக் வாசல் ஞாபகம் வந்துவிடும்.

10 ஜனவரி

திருத்தம். மேலே நான் எழுதியதைப் படித்தால் மூன்று சீசனுக்கும் ஜாக்லின் ஸ்மித்தான் என்று தோன்றும். இல்லை. 2010-இல் வந்த மூன்றாவது சீசனில் கமிலா ஆல்வெஸ். நடுவர்களும் முதல் சீசன் ஆட்கள் இல்லை, சாயத்துக்குப் பேர் போன கிம் வோ, 'ப்ளோ அவுட்' என்று சொந்த சலூனை வைத்தே ரியாலிட்டி தொடர் நடத்திய ஜொனாதன் ஆன்டின். அரைக்கிராப்பு, நீங்கள்தானே மூன்றையும் பார்த்தீர்கள், பிடித்திருக்கலாமே?

14 ஜனவரி

டபதா காஃபி பற்றி யாரும் பேசவில்லையே.

முதல் சீசன். ஆஸ்திரேலியாக்காரர், குட்டையான வெளுத்த முடி, எப்போதும் கறுப்பு உடை. அப்போது அவருடைய சலூன் இங்கே ரிட்ஜ்வுட்டில் இருந்தது, என் வீட்டிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. பேச்சு ஷேவிங் பிளேடு மாதிரி. ஆனால் கையைப் பாருங்கள், வகிடு எடுக்கும்போது ஒரு இழை கூட இந்தப் பக்கம் வராது. இருவர் இருவராகச் சேர்ந்து வேலை செய்த ஒரு சுற்றில், தனக்கு ஒத்தே வராத ஒருவரோடு ஜோடி அமைந்து, அந்த ஜோடி தோற்று, இவர் வெளியே போனார். அந்த சீசனை ஜெயித்தவர் ஆந்தணி மாரிசன்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பார்வையாளர்களின் பிரியமான போட்டியாளர் என்று டபதாவுக்கு 10,000 டாலர் கொடுத்தார்கள். 2008-இல் அதே சேனல் அவருக்குத் தனி நிகழ்ச்சியே கொடுத்தது. நொடித்துப் போன சலூனுக்குள் போய், சாவியை வாங்கிக்கொண்டு, ஒரு வாரம் தானே முதலாளியாக இருந்து திருத்துவார். ஆறு வாரம் கழித்து மறுபடி வந்து பார்ப்பார். பின்னால் பெயரை மாற்றி, சலூன் அல்லாத கடைகளுக்குள்ளும் போனார். ஐந்து சீசன் ஓடியது.

தோற்றவர் ஜெயித்தவரைவிடப் பிரபலம். ஜோடி போட்டு ஒருவரை அனுப்புவது அநியாயம். தலையில் இருக்கிற இரண்டு வேலையில் எது யாருடையது என்று எப்படிப் பிரிப்பது? குழம்பில் யார் போட்ட உப்பு என்று கேட்பது மாதிரி இருக்கிறது.

15 ஜனவரி

தூக்கத்தில் யோசித்ததில் நேற்று எழுதியது பாதி தப்பு.

சலூன் வேலையே ஜோடி வேலைதானே. என் சாயத்தைக் கலக்குவது ஒரு பெண், அலசுவது இன்னொரு பையன். அவன் தண்ணீரை நிறுத்தி நன்றாக அலசாமல் விட்டால் நான் போட்ட நிறம் போச்சு. அப்போது வாடிக்கையாளரிடம் "அது அவன் தப்பு" என்று நான் சொன்னால் முதலாளி என்னைத்தான் முறைப்பார். டபதாவே தன் நிகழ்ச்சியில் சலூன் முதலாளிகளிடம் பாடமாகச் சொல்வது இதுதான், வேலைக்காரர்கள் செய்வதற்கு நீ பொறுப்பு என்று. அவரை அனுப்பிய கணக்கும் அதே கணக்குதான் என்று இப்போது தோன்றுகிறது.

முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. நாங்கள் ஜோடியை ஆறு மாதம் பழகித் தேடிக்கொள்கிறோம், அங்கே சண்டை வரட்டும் என்றே சேர்த்தார்களோ என்னவோ. ஆனால் "அநியாயம்" என்ற சொல்லை வாபஸ் வாங்குகிறேன்.

22 ஜனவரி

அரைக்கிராப்பு கேட்டிருக்கிறார்: "நீங்கள் போட்டிக்குப் போனதுண்டா? போகாமல் விமர்சிப்பது சுலபம்."

போயிருக்கிறேன். ஒரே ஒரு முறை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

லைசென்ஸ் வாங்கி இரண்டாவது வருடம். ஒரு ஹோட்டல் ஹாலில் பக்கத்து ஊர் சலூன்கள் சேர்ந்து நடத்திய சின்னப் போட்டி. மூன்று மணி நேரம், வெட்டு, நிறம், அலங்காரம். மாடலை நாமே கூட்டி வர வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரிப் பெண், நம்ம ஊர்ப் பெண், இடுப்பு வரை முடி. செப்பு நிறம் வேண்டும் என்று அவளே ஆசைப்பட்டாள். சாயம் போட்டிருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். பொய் சொல்லவில்லை பாவம், அவள் கணக்கில் மருதாணி சாயம் இல்லை.

மருதாணி இலையை அரைத்துப் போட்டிருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. அவள் அம்மா மாதாமாதம் போட்டுவிட்டது கடையில் பாக்கெட்டில் விற்கும் கறுப்பு மருதாணிப் பொடி. சில பொடிகளில் உலோக உப்பு கலந்திருக்கும். அது முடிக்குள் தங்கிவிடும். அதன்மேல் முடியை வெளுக்கும் பெராக்சைடு பட்டால் சூடு கிளம்பும், முடி அப்படியே வெந்து போகும். எனக்கு வகுப்பில் சொல்லித்தான் கொடுத்தார்கள், பரீட்சையில் சரியாகக்கூட எழுதியிருந்தேன்.

ஃபாயில் மடித்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். "அக்கா, சுடுது" என்றாள். முதலில் நான் காதில் வாங்கவில்லை, பக்கத்து மேசைக்காரியின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது முறை சொன்னபோது ஃபாயிலைத் தொட்டேன், டீ டம்ளர் சூடு. ஓடிப்போய் அலசினேன். பிடரிப் பக்கம் ஒரு கொத்து கையோடு வந்தது. மற்ற இடமெல்லாம் ஆரஞ்சும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக.

அவள் அழவில்லை. அதுதான் இன்னும் வதைக்கிறது. "பரவால்லக்கா, வளந்துரும்" என்றாள். தோள் வரை வெட்டினேன், அடுத்த எட்டு மாதம் காசு வாங்காமல் பார்த்துக்கொண்டேன். அவள் அம்மா இன்று வரை என்னோடு பேசுவதில்லை.

இதனால்தான் இந்த நிகழ்ச்சியைப் பார்க்கும்போது என் கண் போட்டியாளர் மேல் நிற்பதே இல்லை. நாற்காலியில் இருக்கிறவள் மேல்தான். போட்டியாளர் தோற்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். அவள் அந்தத் தலையோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

23 ஜனவரி

நேற்றைய குறிப்புக்கு எட்டுப் பேர் ஒரே கேள்வி: அந்த உலோக உப்பு முடியில் இருக்கிறதா என்று முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது? பதில்: முடியில் ஒரு சின்ன இழையை மறைவான இடத்தில் வெட்டி எடுத்து, சில சொட்டு அமோனியா கலந்த பெராக்சைடில் போட்டு அரை மணி நேரம் பாருங்கள். சூடு, நுரை, நாற்றம், நிறம் சட்டென்று மாறுவது, இதில் எது வந்தாலும் அந்தத் தலையில் கை வைக்காதீர்கள். அரை மணி நேரம்தான். நான் அதை மிச்சம் பிடிக்கப் போனேன்.

டிவியில் நிறம் மாற்றும் சுற்றுகளில் அதைக் காட்டுவதில்லையே என்றால், சோதனை இழை கிண்ணத்தில் கிடப்பதை யார் பார்ப்பார்கள்? கறுப்புச் சாயம் போட்ட தலையை முறையாக வெளுக்க ஒரு நாள் பூராவும் போதாது, இரண்டு மூன்று தடவை வர வேண்டும். கடிகாரம் வைத்த போட்டியில் நிறத்தைச் சோதிப்பது எனக்கு ஒப்பவில்லை. வெட்டுக்குக் கடிகாரம் சரி.

24 ஜனவரி

"அப்படியென்றால் ஒழுங்கான போட்டி எது?"

வேர்ல்ட்ஸ்கில்ஸ். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, வெல்டிங், தச்சு, பிளம்பிங்கோடு சேர்த்து முடி அலங்காரமும் ஒரு பிரிவு. 2019-இல் ரஷ்யாவின் கசானில் நடந்தது, 2024-இல் பிரான்சின் லியோனில். நாலு நாள், பொம்மைத் தலையில் வேலை, அளந்து போடும் மதிப்பெண் ஒரு பக்கம், பார்த்துப் போடும் மதிப்பெண் ஒரு பக்கம். நடுவில் யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். முதல் நாள் சொதப்பியவனும் கடைசி நாள் வரை நிற்பான். இந்தியாவிலிருந்தும் பிள்ளைகள் போகிறார்கள்.

பார்க்க எப்படி இருக்கும் என்றால், படு போர். என்னாலேயே இருபது நிமிடம்தான் முடிந்தது. அப்புறம் டபதா சண்டை போடும் எபிசோடை எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஆக, நானும் யோக்கியம் இல்லை.

2 பிப்ரவரி

அந்தப் பெரிய கதை வேண்டாம் என்றேன். மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், கொஞ்சம் சொல்கிறேன்.

அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் முடிவெட்டுகிறவர். தாத்தாவும் அதுதான், அப்பாயி மருத்துவச்சி, பாதி ஊருக்குத் தொப்புள்கொடி அறுத்தவர். தாத்தா காலத்தில் காசு கிடையாது, அறுவடைக்கு அறுவடை களத்துமேட்டில் நெல் அளப்பார்கள். அப்பா காலத்தில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மர நாற்காலி, ஒரு கண்ணாடி, கைமிஷின், தோல் வாரில் தீட்டும் கத்தி. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை முகத்தை முதலில் தொடுவது அப்பாவின் கை. பந்தியில் கடைசியாக உட்காருவதும் அப்பாதான். என்னைப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று உங்களுக்கே தெரியும், எழுத மாட்டேன்.

"இந்தக் கத்தரி என்னோட போவட்டும்" என்று சொல்லித்தான் என்னை பி.காம். படிக்க வைத்தார். அதனால் இங்கே சேர்ந்ததை ஒன்றரை வருடம் அவரிடம் சொல்லவில்லை. "ஆபீஸ் எப்டிம்மா இருக்கு?" என்பார். "நல்லாருக்குப்பா" என்பேன். சலூனுக்கு வெளியே காரில் உட்கார்ந்துகொண்டு.

நான் இதில் சேர்ந்ததற்கு ஒரு காரணம் இந்தக் குப்பை நிகழ்ச்சி என்றால் சிரிப்பீர்கள். குழந்தை பிறந்து வீட்டில் இருந்தபோது பழைய எபிசோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. முடிவெட்டுகிறவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார்கள், நடுவரோடு எதிர்வாதம் பண்ணுகிறார்கள், ஒருவர்கூட என்ன ஜாதி என்று கேட்கவில்லை. அதைத்தான் பார்த்தேன். வெட்டையெல்லாம் அப்புறம்தான் கவனித்தேன்.

2 பிப்ரவரி, இரவு

மேலே உள்ளதில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். அமெரிக்காவிலும் எல்லாம் சமமில்லை. நான் படித்த பள்ளியில் கறுப்பினப் பெண்களின் சுருட்டை முடிக்கு ஒதுக்கிய நேரம் சொற்பம். எந்த முடி வெட்டத் தெரிந்தால் "முழுக்கத் தெரியும்" என்று கணக்கு என்பதிலேயே ஒரு பந்தி வரிசை இருக்கிறது. அது தனியாகப் பேச வேண்டியது.

11 பிப்ரவரி

அப்பா மூன்று மாதத்துக்கு வந்திருக்கிறார். முதல் சீசனின் முதல் இரண்டு எபிசோடைப் போட்டுக் காட்டினேன். இங்கிலீஷ் புரியாது, அதனால் வசனத்தில் மயங்காமல் கையை மட்டும் பார்த்தார். அரைக்கிராப்பு, உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல நடுவர் கிடைக்க மாட்டார்.

ஐந்து நிமிடத்தில் முதல் தீர்ப்பு: "கழுத்தக் காட்ட மாட்டேங்கிறானே." முன்னால் எப்படியும் அழகு பண்ணிவிடலாம், பிடரியையும் காதுக்குப் பின்னாலும் காட்டச் சொல்லு என்கிறார். கேமரா பின்பக்கம் போகும் ஒவ்வொரு முறையும் முன்னால் நகர்ந்து உட்காருகிறார். ஒருவர் கத்தரியைப் பிடித்த விதத்தைப் பார்த்துவிட்டு "இவன் போயிருவான்" என்றார். அவர் சொன்னபடி அந்த ஆள் போகவில்லை. "அப்ப ஜட்ஜுக்குத் தெரியல" என்று முடித்துக்கொண்டார்.

டபதா வந்ததும் பேசாமல் பார்த்தார். "இந்தம்மா யாருகிட்டயோ நல்லா அடி வாங்கிக் கத்துருக்கு."

12 பிப்ரவரி

"ஒருவழியாக அப்பாவிடம் சொல்லிவிட்டீர்களா" என்று கேட்கிறீர்கள். அவருக்கு முதல் வருடமே தெரியுமாம். வீடியோ காலில் என் வலது கட்டைவிரலில் கத்தரி வளையம் பட்ட காய்ப்பைப் பார்த்தாராம். "ஆபீஸ்ல பேனா பிடிச்சா அங்கயா காய்க்கும்?" என்கிறார்.

அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. சனிக்கிழமை என் சலூனுக்குக் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறார்.

15 பிப்ரவரி

கூட்டிப் போனேன். ஒரு மூலையில் உட்கார்ந்து நாலு மணி நேரம் பார்த்தார். நான் ஒரு பாப் வெட்டி முடித்ததும் எழுந்து வந்து, அந்த அம்மாவிடம் கையால் அனுமதி கேட்டு, பிடரிப் பக்கம் குனிந்து பார்த்தார். ஒரு இழையைக் காட்டினார். ஒரே ஒரு இழை. வெட்டினேன்.

திரும்பி வரும்போது காரில், "அந்த டிவிக்காரங்க வெட்டுறாங்கள்ல, அத்தன பேரு, அத்தன முடி. அத யாரு கூட்டுறா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நேற்று இரவு முதல் சீசனை மறுபடி போட்டு, தரையை மட்டும் பார்த்துக்கொண்டு வருகிறேன். மூன்றாவது எபிசோடு வரை வந்துவிட்டேன். அரைக்கிராப்பு, உங்கள் கண்ணில் எங்காவது ஒரு துடைப்பம் பட்டிருந்தால் சொல்லுங்கள்.